சாவி கைமாறும் இடம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் நெறியாளர் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். காரைப் பட்டறையில் விட்டுவிட்டு வந்த இரவில் நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். எழுந்த கைகளை எண்ணினேன். ஐந்து. அந்த ஐவரில் ஒருவர் பட்டறை முதலாளி என்பது பிறகுதான் தெரிந்தது.

மற்றவர்கள் சொன்ன பயங்களைக் குறித்துக் கொண்டேன். புது ரிம்மும் டயரும் போட்ட தம்பிக்கு, அவை மாறிவிடுமோ என்ற கவலை. பழைய காரைப் புதுப்பித்து வைத்திருக்கும் ஐயாவுக்கு, அசல் பாகத்தைக் கழற்றி நகலைப் பொருத்திவிடுவார்களோ என்ற சந்தேகம். "என் காடியை எடுத்துக்கொண்டு யாரோ சாப்பிடப் போயிருக்கிறார்கள், மீட்டர் 40 கிலோமீட்டர் கூடியிருந்தது" என்றார் ஒருவர். எனக்கும் அப்படி ஓர் அனுபவம் உண்டு. கேட்டபோது "டெஸ்ட் ஓட்டினோம் சார்" என்றார்கள். பிரேக் விளக்கு பல்பு மாற்றுவதற்காக விட்ட கார் அது.

இந்தப் பயம் புதியதா, பழையதா என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். கார் எவ்வளவு பழையதோ, பயமும் ஏறக்குறைய அவ்வளவு பழையது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நூறாண்டுக்கு மேலாகப் பூட்டு செய்தவர்கள் எல்லாரும் தெருவில் வரும் அந்நியனை மனத்தில் வைத்தே செய்தார்கள். நாமே சாவியை நீட்டிவிட்டு வருகிற மனிதரைப் பற்றி அவர்கள் யோசித்தது மிகக் குறைவு.

நம் பக்கத்திலிருந்தே தொடங்குவோம். சிங்கப்பூருக்கு முதல் கார் வந்தது 1896-இல். காட்ஸ் சகோதரர்கள் என்ற வணிக நிறுவனம் இறக்குமதி செய்த பென்ஸ் வண்டி. அதை வாங்கியவர் சார்லஸ் பர்ட்டன் பக்லி. சிங்கப்பூரின் பழங்கதைகளைத் தொகுத்து நூலாக்கியவரும் இவர்தான். அந்த வண்டி போட்ட சத்தத்தைக் கேட்டு ஊரார் அதற்கு 'காப்பி இயந்திரம்' என்று பெயர் வைத்தார்களாம்.

அந்தக் காலத்தில் காரை வாங்கியவர் அதைத் தானே ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் அபூர்வம். அதற்கு ஒருவர் வேண்டும். மலாயாவில் அவருக்கு 'சைஸ்' என்று பெயர். உண்மையில் அது குதிரைக்காரனைக் குறிக்கும் சொல். அரபு மொழியில் பிறந்து, இந்தியா வழியாக நம்மிடம் வந்தது. குதிரை போய் மோட்டார் வந்த பிறகும் பெயர் மாறவில்லை. தோட்டத்துத் துரையின் காரை ஓட்டியவரையும் சைஸ் என்றே அழைத்தார்கள். இந்தக் குதிரையைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சட்டப் புத்தகத்தில் மீண்டும் வரும்.

அமெரிக்காவில் 1900-களின் முதல் பத்தாண்டில் பணக்காரர்களின் பெரிய புலம்பலே ஓட்டுநரைப் பற்றியதுதான். முதலாளி தூங்கிய பிறகு ஓட்டுநர் காரை எடுத்துக்கொண்டு நண்பர்களோடு சுற்றப் போவார். கராஜுக்காரரிடம் தேவையில்லாத வேலையைச் செய்யச் சொல்லி, பில்லில் தன் பங்கை வாங்கிக்கொள்வார். 'ஜாய் ரைட்' என்ற ஆங்கிலச் சொல் 1908-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புழக்கத்துக்கு வந்தது இப்படித்தான். இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் கார் திருடும் சிறுவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். அன்று அது நம்பி ஒப்படைத்த காரை நம்பியவனே எடுத்துப் போவதைக் குறித்தது. திருடனுக்கு முன்பே இந்தக் கவலை வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

அப்போது சாவி என்ற ஒன்றே பெரிதாக இல்லை. முன்பக்கக் கம்பியைச் சுழற்றத் தெரிந்தவன் எவனும் காரைக் கிளப்பலாம். ஃபோர்ட் நிறுவனத்தின் புகழ்பெற்ற 'மாடல் டி' காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் உருவாயின. 1919-இல் மின்சார ஸ்டார்ட்டர் வந்தபோது அதற்குச் சாவியும் வந்தது. எத்தனை விதச் சாவிகள் தெரியுமா? வெறும் 24. எண் 51 முதல் 74 வரை. இதில் வேடிக்கை, அந்த எண் சாவியில் மட்டும் பொறிக்கப்படவில்லை. காரின் சுவிட்சு முகப்பிலும் பொறித்திருந்தார்கள். 24 சாவிகளை ஒரு கம்பியில் கோத்து வைத்திருந்த மெக்கானிக்குக்கு ஊரில் உள்ள ஃபோர்ட் கார் எல்லாம் திறந்த வீடுதான்.

இதை ஃபோர்டின் அலட்சியம் என்று சொல்லிவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. சாவி தொலைந்தால் வாடிக்கையாளர் நடுவழியில் நிற்கக் கூடாது, எந்த ஊர்ப் பட்டறையிலும் வண்டியைக் கிளப்ப முடிய வேண்டும் என்ற வசதியும் அதில் இருந்தது. பழுதுபார்ப்பவனுக்கு எளிதாக இருப்பது திருடனுக்கும் எளிதாக இருக்கும். இந்தச் சிக்கல் இன்றுவரை தீரவில்லை.

அதன் பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1949-இல் கிரைஸ்லர் நிறுவனம் சாவியைத் திருப்பினாலே எஞ்சின் கிளம்பும் ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. 1960-களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனி ஸ்டீயரிங் பூட்டைக் கட்டாயமாக்கியது. 1970-இல் அமெரிக்காவிலும் திருட்டுத் தடுப்பு விதி நடப்புக்கு வந்தது. இந்தப் பூட்டும் விதியும் தெருத் திருடனுக்கு எதிரானவை.

உள்ளே வருகிறவரை நினைத்துச் செய்த ஒரே சின்ன ஏற்பாடு இரண்டாவது சாவி. நம்மில் பலர் அதைப் பார்த்திருப்போம். 1980, 90-களில் வந்த ஜப்பானியக் கார்கள் சிலவற்றில் கறுப்புத் தலைச் சாவியோடு சாம்பல் தலைச் சாவி ஒன்றும் கொடுப்பார்கள். சாம்பல் சாவியால் கதவைத் திறக்கலாம், எஞ்சினைக் கிளப்பலாம். பின்னால் உள்ள பூட்டையும் முன்னால் உள்ள சிறு பெட்டியையும் திறக்க முடியாது. ஹோட்டலில் கார் நிறுத்தும் ஊழியரிடம் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது அது. நம்மில் எத்தனை பேர் அதைப் பட்டறையில் கொடுத்தோம்? பெரும்பாலோர் வீட்டு அலமாரியில் போட்டுவிட்டு மறந்தோம்.

அந்தச் சாவியும் பாதி மருந்துதான். 1986-இல் வந்த 'ஃபெரிஸ் பியூலர்ஸ் டே ஆஃப்' என்ற ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தைச் சிலர் பார்த்திருக்கலாம். நண்பனின் தந்தை உயிராய் வைத்திருக்கும் 1961 ஃபெராரியைப் பையன்கள் கார் நிறுத்துமிடத்தில் விடுகிறார்கள். அங்குள்ள ஊழியர்கள் அதை எடுத்துக்கொண்டு பறக்கிறார்கள், மேட்டில் தாவுகிறார்கள். அரங்கமே சிரிக்கும். கார் வைத்திருக்கிறவர் மட்டும் சிரிக்க மாட்டார்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். 1985-இல் புரோட்டோன் சாகா வந்தது, 1993-இல் வீரா வந்தது, 1994-இல் கஞ்சில் வந்தது. சாதாரண சம்பளக்காரர் வீட்டு வாசலிலும் கார் நின்றது. கூடவே களவும் வந்தது. ஸ்டீயரிங் மேல் நீண்ட இரும்புத் தடி, கியர் பூட்டு, பெடல் பூட்டு என்று நாம் செய்யாத பாதுகாப்பு இல்லை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மறைவிடத்தில் ஒரு ரகசிய சுவிட்சு வைத்துக்கொள்வது அக்கால வழக்கம். சீட்டுக்கு அடியிலோ, சாம்பல் கிண்ணத்துக்குப் பின்னாலோ இருக்கும். அதைத் தட்டினால்தான் பெட்ரோல் பம்பு வேலை செய்யும்.

அந்த ரகசியம் யார் யாருக்குத் தெரியும்? உரிமையாளருக்குத் தெரியும். அதை வைத்துக் கொடுத்த வயர்மேனுக்குத் தெரியும். சர்வீசுக்கு விடும்போது போர்மனிடம் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் அவரால் வண்டியை நகர்த்த முடியாது. போர்மன் தன் கையாளிடம் சொல்வார். ஏர்கோன் வேலைக்குப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினால் அங்கேயும் சொல்வார்கள். வீட்டில் மனைவிக்குக் கூடச் சொல்லாத ரகசியம் ஒரே நாளில் நான்கு பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்துவிடும்.

பிறகு மின்னணுக் காலம் வந்தது. 1986-இல் அமெரிக்காவின் கார்வெட் காரில் சாவியின் உலோகத் தண்டிலேயே ஒரு சிறு மின்தடையைப் பதித்தார்கள். அதன் அளவு பொருந்தினால்தான் எஞ்சின் கிளம்பும். மொத்தம் 15 அளவுகள். மாடல் டி-யின் 24 சாவிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சிரிப்புத்தான் வரும். 1990-களில் சாவித் தலைக்குள் சில்லு வந்தது. 1998 முதல் ஐரோப்பாவில் புதிய கார்களுக்கு 'இம்மொபிலைசர்' கட்டாயமானது. கம்பியை உரசிக் கிளப்பும் பழைய வித்தை அந்தக் கார்களிடம் பலிக்கவில்லை.

பூட்டு பலமானால் திருடன் சாவியைத் தேடுவான். இதற்கு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொன்ன நிகழ்ச்சி நடந்தது மலேசியாவில்தான். 2005 மார்ச் மாதம். கோலாலம்பூர்ப் புறநகரில் கணக்காளர் ஒருவரின் மெர்சிடிஸ் எஸ் வகைக் காரைக் கும்பல் ஒன்று பறித்தது. அது கைரேகை வைத்தால்தான் கிளம்பும் கார். முதலில் அவர் விரலை வைக்கச் சொல்லிக் கிளப்பினார்கள். எஞ்சினை அணைத்து மறுபடி கிளப்ப முயன்றபோது விரல் மீண்டும் தேவைப்பட்டது. பாராங் கத்தியால் அவருடைய ஆள்காட்டி விரலின் நுனியை வெட்டி எடுத்துக்கொண்டு, அவரைச் சாலையோரம் விட்டுவிட்டுப் போனார்கள். பூட்டு தோற்கவில்லை. அந்த மனிதர் விரலை இழந்தார்.

கத்தி இல்லாமலேயே சாவி கிடைக்கும் இடம் ஒன்று உண்டு என்பதால்தான் பட்டறையைப் பற்றிப் பேசுகிறோம். ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே, டாஷ்போர்டின் அடியில், 16 ஊசி கொண்ட ஒரு செருகுவாய் இருக்கும். 1996 முதல் அமெரிக்கச் சட்டம் கட்டாயமாக்கியது. பிறகு உலகம் முழுவதும் பரவியது. வண்டியின் நோயைக் கணினி வழியாகக் கண்டறிய வைத்தது அது. புதுச் சாவியைப் பதிவு செய்யவும் பல கார்களில் அதே வழிதான். 2012-இல் பிரிட்டனில் பிஎம்டபிள்யூ கார்கள் வரிசையாகக் களவு போனபோது, திருடர்கள் வெறுஞ்சாவி ஒன்றை அந்தச் செருகுவாய் மூலம் பதிவு செய்து ஓட்டிச் சென்றது தெரியவந்தது. அவர்கள் முதலில் கதவைத் திறந்து உள்ளே நுழைய வேண்டியிருந்தது. பட்டறையிலோ கதவு திறந்தே இருக்கிறது.

இதைச் சொல்வதால் எல்லாப் போர்மனும் சாவி நகல் எடுக்கிறார் என்று பொருள் கொள்ளாதீர்கள். அவரிடம் அந்தக் கருவி இல்லையென்றால் உங்கள் சாவி தொலையும்போது யாரிடம் போவீர்கள்? ஏஜென்சியிடம்தான். அங்கே எவ்வளவு கேட்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஐரோப்பாவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். சாவி, பூட்டு தொடர்பான தகவலைத் தனியார் பட்டறைக்கும் தர வேண்டும். அதற்கு முன் அந்தப் பட்டறையையும் ஊழியரையும் ஆராய்ந்து சான்று கொடுக்க வேண்டும். 2023-லிருந்து இது நடப்புக்கு வரத் தொடங்கியது. ஆளைப் பார்க்காமல் கருவியை மட்டும் பூட்டிப் பயனில்லை என்பதைப் புரிந்துகொள்ள நூறாண்டு ஆகியிருக்கிறது.

பூட்டு செய்தவர்கள் மறந்த ஆளைச் சட்டம் மறக்கவில்லை. இப்போது அந்தக் குதிரை வருகிறது.

மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1872-இல் இயற்றப்பட்ட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் வழி வந்தது. அதில் ஒரு பொருளை ஒரு காரியத்துக்காக இன்னொருவரிடம் ஒப்படைப்பது பற்றித் தனிப் பகுதியே உண்டு. 101-ஆவது பிரிவில் தொடங்குகிறது. உடையவருக்குச் சொந்தமான பொருளை வாங்கி வைத்திருப்பவர், விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 104-ஆவது பிரிவு. கொடுத்த காரியத்துக்கு அல்லாமல் வேறு விதமாகப் பயன்படுத்தி, அதனால் சேதம் வந்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதற்குத் தரும் உதாரணம் குதிரை. ஒருவர் தம் குதிரையை நண்பரின் சவாரிக்கு மட்டும் இரவல் தருகிறார். நண்பரோ தம் குடும்பத்தில் ஒருவரை ஏறவிடுகிறார். ஏறியவர் கவனமாகத்தான் ஓட்டினார். ஆனாலும் குதிரை விழுந்து அடிபட்டது. நண்பர் ஈடு கொடுத்தாக வேண்டும். "கவனமாகத்தான் ஓட்டினேன்" என்ற பதில் செல்லாது. பட்டறைப் பையன் உங்கள் காரில் சாப்பாடு வாங்கப் போய் இடித்துக்கொண்டு வந்தால், 1872-இல் எழுதிய குதிரைக் கதைதான் உங்களுக்குத் துணை.

காணாமல் போனால் யார் நிரூபிப்பது? இதற்கும் நம் மண்ணிலிருந்தே ஒரு தீர்ப்பு உண்டு. நம் பாட்டன்மார் பலர் கப்பலிலிருந்து இறங்கிய போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான். அங்கே துறைமுக வாரியத்தின் பொறுப்பில் இருந்த மருந்துப் பொருள் பெட்டிகள் காணாமல் போயின. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1978-இல் தீர்ப்பு வந்தது. எங்கள் தவறால் போகவில்லை என்று நிரூபிக்க வேண்டியது பொருளை வைத்திருந்தவரின் கடமை. கொடுத்தவர் போய்த் துப்பறிய வேண்டியதில்லை. பட்டறை வாசலில் நின்று கைபிசைகிற ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 1965-இல் தீர்ப்பான இன்னொரு வழக்கு ரோமச் சால்வை பற்றியது. ஒரு பெண்மணி அதைச் சுத்தம் செய்யக் கொடுத்தார். வாங்கியவர் அதை வேறொரு சலவை நிறுவனத்துக்கு அனுப்பினார். அங்கே அதைச் சுத்தம் செய்ய நியமிக்கப்பட்ட ஊழியரே திருடிக்கொண்டார். நிறுவனம் பொறுப்பு என்றது நீதிமன்றம். போர்மன் உங்கள் காரைச் சாயம் அடிக்கும் கடைக்கு அனுப்பும்போது நடப்பதும் இதே கதைதான். 'பொருள்கள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று சுவரில் எழுதி வைத்த பலகை மட்டும் எல்லாவற்றையும் துடைத்துவிடாது. நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்கு எதிராக மலேசியப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 2010-இல் தனிப் பகுதி சேர்க்கப்பட்டது. சிங்கப்பூரிலும் அதற்கான சட்டம் உண்டு. மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 2019 முதல் 50,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலேயே கோரலாம்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பலர் அதில் விழுகிறார்கள் என்பதால் சற்று நின்று சொல்கிறேன். சாலையில் நிறுத்திய கார் களவு போனால் அது திருட்டு. விரிவான காப்புறுதி எடுத்திருந்தால் கோரலாம். நீங்களே சாவியைக் கொடுத்து, வாங்கிய மனிதரே காரோடு மறைந்தால், அது நம்பிக்கை மோசடி என்று கொள்ளப்படலாம். மலேசியாவில் வழக்கமாக விற்கும் மோட்டார் காப்புறுதிப் பத்திரத்தில் ஏமாற்று, நம்பிக்கை மோசடி ஆகியவற்றால் வரும் இழப்பு விலக்குப் பட்டியலில் இருக்கும். திருடனிடம் பறிகொடுத்தவருக்குப் பணம், நம்பிக் கொடுத்தவருக்கு வெறுங்கை. பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது முதல் பக்கத்தில் உள்ள தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறோமே, அந்த விலக்குப் பகுதியை இன்று இரவே எடுத்துப் படியுங்கள்.

கார் நிறுவனங்களும் இப்போது விழித்துக்கொண்டன. கார்வெட் காரில் 2014-இல் ஓர் ஏற்பாட்டை அறிமுகம் செய்தார்கள். பிறரிடம் காரைக் கொடுக்கும்போது அதை இயக்கிவிட்டால், வேகம் முதல் உள்ளே பேசும் பேச்சு வரை பதிவாகும். சில வாரங்களில் அந்த நிறுவனமே, ஒலியைப் பதிவு செய்வது சில மாநிலங்களில் சட்டத்துக்குப் புறம்பாகலாம் என்று உரிமையாளர்களை எச்சரித்தது. டாஷ்கேம் வைத்திருக்கும் தம்பிகளும் இதைக் கவனிக்க வேண்டும். பட்டறையில் கேமரா ஓடுகிறது என்று முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதையும்கூட.

கேள்வி நேரத்தில், நான் முதலில் சொன்ன அந்தப் பட்டறை முதலாளி எழுந்தார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன். "ஐயா, எங்கள் பயத்தை யாரும் கேட்பதில்லை" என்றார். சேசிஸ் எண் மாற்றிய காடியைக் கொண்டுவந்து விடுகிறார்கள், போலீஸ் வந்தால் முதலில் எங்களைத்தான் பிடிக்கும் என்றார். எஞ்சினை இறக்கி வேலை செய்த பிறகு எட்டு மாதம் ஆளே வராமல் வண்டி கிடக்கிறது என்றார். கூலி வரும்வரை காரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கும் அதே ஒப்பந்தச் சட்டத்தில் உண்டு, அதைச் சொன்னேன். தெரியும் என்று தலையாட்டினார். "வைத்துக்கொள்ளலாம் ஐயா, ஆனால் வைத்திருக்கும் வரை அது எலி கடிக்காமல் பார்ப்பதும் என் தலையில்தானே!"

நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். கையோடு கொண்டுவந்திருந்த பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். ஒவ்வொரு காருக்கும் ஒரு பக்கம். வந்த நாள், மீட்டர் எண், பெட்ரோல் அளவு, நான்கு டயரின் பிராண்டு, பேட்டரியின் வரிசை எண், கொடுத்த சாவி எத்தனை, உள்ளே இருந்த பொருள். கீழே இரண்டு கையெழுத்து. கார் திரும்பும்போது மறுபடி மீட்டர் எண், மறுபடி இரண்டு கையெழுத்து. 24 வருடமாக எழுதுகிறாராம். முதல் நோட்டு வீட்டில் இருக்கிறது, அதில் பாதி வீரா காடிதான் என்று சொல்லிச் சிரித்தார்.

புது ரிம் போட்ட தம்பி நிகழ்ச்சி முடிந்ததும் நேராக அவரிடம்தான் போனார். கடை எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.